நாலாம் பாகத்து விளக்குக்காரர்

ஆவணி பிறந்து பதினோராம் நாள், பொள்ளாச்சியிலிருந்து காலையில் ஏறுகிற இரண்டாவது பஸ்ஸில், முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, கையில் தன் உயரத்துக்கு ஒரு கம்பும் கம்பின் நுனியில் ஒரு கண்ணாடி விளக்குமாக விளக்குக்காரர் சோலைப்பாறை பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கி, இறங்கிய கையோடு டைம் கீப்பர் ரூம் ஓரமாகக் குனிந்து வாந்தியெடுத்தார். மலை ஏறிப் பழகாதவர்கள் எல்லோரும் அந்த இடத்தில்தான் வாந்தியெடுப்பார்கள் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டீக்கடைக்காரர் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். முகம் கழுவி நிமிர்ந்தபோது எங்களுக்கு ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. இருபது வருஷமாக மரியதாஸின் விளையாட்டுக் கூடத்தில், நாலாவது மிஷினின் கண்ணாடித் திரைக்குள்ளே அடி கொடுத்தும் அடி வாங்கியும் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த ஆள்தான். "உள்ள இருக்கறப்பவிடக் கொஞ்சம் மெலிஞ்சிருக்காரு" என்று டீக்கடைக்காரர் சொன்னார். அதற்குமேல் அன்றைக்கு அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

எங்கள் மலையில் வருஷத்துக்கு ஏழு மாதம் மழை. மைதானம் என்று ஒன்று இருக்கிறது, அதில் அட்டைகள்தான் விளையாடும். அதனால் தேயிலைத் தோட்டத்து ஜனங்களுக்கு, சின்னவர் பெரியவர் என்றில்லாமல், மரியதாஸின் தகரக் கூரை போட்ட கூடமே போக்கிடம். அங்கே எட்டு மிஷின்கள் நின்றன, எட்டும் ஒரே விளையாட்டின் எட்டுப் பாகங்கள். வேறு வேறு விளையாட்டுகளில் தனித்தனியே பிழைத்துக்கொண்டிருந்தவர்களையெல்லாம் ஒரே மேடைக்கு வரவழைத்து மோதவிடும் விளையாட்டு அது. ஒன்றிலிருந்து கரண்டியோடு ஒரு சமையல்காரி வருவாள், இன்னொன்றிலிருந்து விமானம் ஓட்டும் ஒரு கிழவர் வருவார், மற்றொன்றிலிருந்து மல்யுத்தம் பயின்ற ஒரு கரடி வரும். மூவரும் ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்ததில்லை என்றாலும் மணி அடித்தவுடன் அடித்துக்கொள்வார்கள். பெயர் எங்களுக்கு வாசிக்க வராத எழுத்தில் இருந்ததால் மரியதாஸ் 'அகிலலோக அடிதடி' என்று எழுதி எட்டு மிஷின்களிலும் ஒட்டியிருந்தார்.

விளக்குக்காரர் அதில் நாலாம் பாகத்துக்கு மட்டும் வந்தவர். கலங்கரை விளக்கக் காவலர். அவர் பிறந்த விளையாட்டு ஏதோ ஒரு சின்னக் கம்பெனியில் பிறந்து, விற்காமல், கம்பெனியையும் சேர்த்துக்கொண்டு செத்துப்போனதாம். நாலாம் பாகத்தில் ஆள் எடுக்கும் திரையில் கடைசி வரிசையில் கடைசிக் கட்டத்தில் நிற்பார், யாரும் எடுக்கமாட்டார்கள். பிலோமினா மட்டும் எடுத்தாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் இன்றைக்குக் கம்பவுண்டராக இருக்கும் பிலோமினா பதினாலு வயசில் முதல்முதலாக ஸ்டிக்கைத் தொட்டாள், முப்பத்துநாலு வயசுவரை வேறொருவரை எடுக்கவில்லை, அவரை வைத்துக்கொண்டே சோலைப்பாறையையும், சவால் விட்டு மலையேறி வந்த பொள்ளாச்சிக்காரர்களையும் ஜெயித்தாள். அவளுக்கு இன்னொரு பேரும் உண்டு. எதையும் தரம் பிரித்து உள்ளதை உள்ளபடி சொல்வாள். எந்த டிவிஷன் கொழுந்து முதல் தரம், எந்த சாமியாரின் பிரசங்கம் இரண்டாம் தரம் என்று அவள் சொன்னால் அது முடிந்த முடிவு. பிழைக்கமாட்டார் என்று தெரிந்த நோயாளியிடமும் மழுப்பமாட்டாள்.

அதனால் விளக்குக்காரரை நேராக அவளிடம் கூட்டிப்போனோம். அவள் நோட்டை விரித்தாள்.

"பேரு?"

"காற்று மாறுகிறது" என்றார் அவர்.

பிலோமினா பேனாவை வைத்துவிட்டாள். விளையாட்டுக்குள் அவருக்கு மொத்தம் பதினோரு வசனம். பதினொன்றும் அவளுக்கு மனப்பாடம். இது, பலம் கடைசிக் கோட்டுக்கு இறங்கும்போது மட்டும் அவர் சொல்வது. உடனே ஒரு டம்ளரில் குளுக்கோஸ் கலக்கிக் கொடுத்துக் கட்டிலில் படுக்கவைத்து, எங்களைப் பார்த்து, "தூங்கட்டும், பேச வைக்காதீங்க, இருக்கற பதினொண்ணும் தீந்துடப்போகுது" என்றாள்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், ஏழாம் நம்பர் லயனில், கொழுந்து எடுக்கும் ஆட்களின் மேஸ்திரி இருளப்பன் வீட்டுக்கு அடுத்த வீடு காலியாக இருந்தது. அதில் அவரைக் குடிவைத்தோம். பேச்சை அவர் இருளப்பன் வீட்டாரிடம்தான் கற்றார், இருளப்பனின் பெரியவர்கள் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்தவர்கள், ஆகவே கார்த்திகைக்குள் கடல் கடந்த அந்தக் காவலர் 'வாங்கப்பு, என்னப்பு' என்று பேச ஆரம்பித்திருந்தார். அவரிடம் சில பழக்கங்கள் இருந்தன, நாங்கள் அவற்றுக்குப் பழகிக்கொண்டோம். எப்போதும் பக்கவாட்டில்தான் நிற்பார். அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனபோது அவரை நேராகத் திருப்ப மூன்று பேர் முயன்று முடியாமல், கடைசியில் கிராம நிர்வாக அலுவலர், "ஒரு காது தெரியுதுல்ல, போதும்" என்று கையெழுத்துப் போட்டார். கூட்டம் கூடினால் மெதுவாகிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நடுவே அவர் தக்காளிக்குக் கை நீட்டினால் அந்தக் கை கூடையைத் தொடுவதற்குள் மற்றவர்கள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விடலாம். நாலாம் பாகத்தில் திரையில் ஆட்கள் அதிகமானால் எல்லாமே அப்படித்தான் இழுக்கும் என்பது எங்களுக்குத் தெரியுமாதலால், கடைக்காரர்கள் கூட்டம் வருவதற்கு முன்பே அவருக்குரியதை எடுத்துவைத்தார்கள். மாதாகோயில் சாமியார் அவர் எந்த மதம் என்று கேட்கவில்லை. மாரியம்மன் கோயில் கமிட்டிக்காரர்கள் மட்டும், திருவிழாவில் அம்மனுக்கு முன்னால் அவர் விளக்குப் பிடித்தால் நன்றாயிருக்கும் என்று கேட்டார்கள், பிடித்தார்.

அந்த விளக்குக்கு எண்ணெய் வேண்டியதில்லை. அவர் வந்த பிறகு லயன் பக்கம் சிறுத்தை வருவது நின்றது. அதற்கு முந்தைய வருஷம் ஏழாம் நம்பரில் ஒரு குழந்தையைச் சிறுத்தை தூக்கியிருந்தது, அந்த வீட்டுக்காரர்கள் வேலையை விட்டே இறங்கிப்போனார்கள். இப்போது தாய்மார்கள் பொழுது சாய்ந்தும் குழாயடிக்குப் போனார்கள். அதோடு, ஆட்களுக்குள் தகராறு என்றால் ஃபீல்டு ஆபீசர் கோதண்டத்திடம் போவதை விட்டுவிட்டு விளக்குக்காரரிடம் போக ஆரம்பித்தோம். அவர் தீர்ப்பு எதுவும் சொல்லமாட்டார், இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, "அடிச்சது வலிக்குதா, வாங்குனது வலிக்குதா, அத மட்டும் சொல்லுங்கப்பு" என்பார். பதினேழு வருஷமாகப் பஞ்சாயத்துப் பண்ணிய கோதண்டத்துக்கு வேலை இல்லாமல் போனது. விளக்குக்காரர் எதிரே வந்தால் அவர் வண்டியை வேறு பக்கம் திருப்பினார்.

எதற்காக வந்தார் என்பதை, வார்த்தைகள் போதுமான அளவு சேர்ந்த பிறகு, டிஸ்பென்சரி வராந்தாவில் வைத்து இருளப்பனிடமும் பிலோமினாவிடமும் சொன்னார்.

"எட்டாம் பாகத்துக்கு எல்லாத்தையும் கூப்பிட்டாக. ஒண்ணுலேருந்து ஏழுவரைக்கும் வந்த அத்தனை பேரும். நானும் போனேன். உள்ள போகவிடல. நான் யாருக்குச் சொந்தம்னு தெரியலையாம். என்னச் செஞ்ச கம்பெனி செத்துப்போச்சு, கையெழுத்துப் போட ஆளில்லங்கறாக. எல்லாரும் வந்தாச்சுன்னு போஸ்டர் ஒட்டுனாக. நான் அந்தப் போஸ்டருக்குக் கீழதான் நின்னுக்கிட்டிருந்தேன்."

"அதுக்கு இங்க ஏன் வந்தீங்க?" என்றாள் பிலோமினா.

"என்ன எடுத்த ஊரு இது ஒண்ணுதானே."

அவர் இன்னொன்றும் சொன்னார். மற்ற ஆட்களை வைத்து விளையாடி எல்லோரையும் ஜெயித்தால் முடிவில் ஒரு படம் வரும். சமையல்காரி தன் சத்திரத்துக்குத் திரும்புவாள், கரடி தன் குட்டியைக் கண்டுபிடிக்கும். விளக்குக்காரரை வைத்து ஜெயித்தால் திரை கறுப்பாகும், அவ்வளவுதான். அவருக்கு முடிவு செய்ய நேரமில்லாமல் விட்டுவிட்டார்கள். அவர் கதையில் ஒரு கப்பல் உண்டு, அவர் மனைவியும் மகளும் வரும் கப்பல். புயலில் அது அவர் விளக்கைப் பார்த்துத் திரும்புகிற இடத்தோடு நின்றுபோனது.

"அது கர சேந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியல கம்பவுண்டரம்மா. இருவது வருசமா தெரியல."

மார்கழியில் மரியதாஸுக்கு ஒரு கடிதம் வந்தது. அகிலலோக அடிதடி பிறந்து முப்பது வருஷம் ஆகிறது. எட்டு மிஷின்களும் இன்னும் ஓடுகிற கூடம் உலகத்திலேயே பன்னிரண்டுதான், அதில் சோலைப்பாறையும் ஒன்று. அந்தப் பன்னிரண்டு ஊர்க்காரர்களும் எட்டுப் பாகங்களையும் முதலிலிருந்து மறுபடி விளையாடிப் பார்த்து, எது முதலிடம் எது கடைசி என்று வரிசைப்படுத்தி, காரணத்தோடு எழுதித் தரவேண்டும். எல்லா ஊரிலும் சேர்த்து எது முதலில் வருகிறதோ அதை, அன்றைக்கு விட்டுப்போனவற்றையெல்லாம் சேர்த்து, குறையில்லாமல் புதிதாகச் செய்வார்கள்.

மரியதாஸ் அதை டீக்கடையில் வைத்து வாசித்தார். 'விட்டுப்போனவற்றையெல்லாம்' என்ற இடம் வந்தபோது விளக்குக்காரர் கையிலிருந்த பன்னைத் தட்டில் வைத்தார். நாலாவது முதலில் வந்தால் அவர் உள்ளே திரும்பிப் போகலாம், அந்தக் கப்பலுக்கும் ஒரு முடிவு கிடைக்கும் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. இருளப்பன்தான் எழுந்து, "நாலாவதுக்குத்தான் எல்லாரும் போடறோம். என்ன சொல்றீக?" என்றான். சரி என்றோம். சொன்னால் மட்டும் போதாது என்று யாரோ சொல்ல, விளக்குக்காரரின் கம்பை மேஜைமேல் சாய்த்து, ஓட்டுப்போடும் முப்பத்தொன்பது பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து விளக்குக் கண்ணாடிமேல் வலது கையை வைத்துச் சத்தியம் செய்தோம். கண்ணாடி சூடாக இருந்தது, ஆனால் சுடவில்லை. மரியதாஸ் வைத்தார். பிலோமினா வைத்தாள். எல்லோரும் ஆச்சரியப்படும்படி கோதண்டமும் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்து வைத்தார். விளக்குக்காரர் ஒவ்வொருவர் கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் அதிகமாக இருந்ததால் அவர் கண்ணிலிருந்து வந்த நீர் கன்னத்தைக் கடக்க வெகுநேரம் ஆனது.

தை பிறந்ததிலிருந்து எட்டு ஞாயிற்றுக்கிழமை, ஞாயிறுக்கு ஒரு பாகமாக, காலைப் பூசை முடிந்து சாயங்காலம்வரை விளையாடினோம். ஒன்றாம் பாகத்தில் ஐந்தே பேர், ஸ்டிக் கல்லுரல் மாதிரி கனத்தது, ஆனாலும் அதைக் குறை சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. இரண்டாவது, ஒன்றாவதுக்கே வெள்ளையடித்த மாதிரி. மூன்றாம் பாகத்தில் ஜோடி சேர்ந்துதான் ஆடவேண்டும், ஒருவர் களைத்தால் மற்றவர் உள்ளே குதிக்கலாம். சோலைப்பாறையில் அப்படிச் சேர்ந்த ஜோடிகளில் நாலு கல்யாணத்தில் முடிந்திருந்தன, அந்த நாலு தம்பதிகளும் அன்றைக்குப் பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுத்து ஓரமாக உட்காரவைத்துவிட்டு இருட்டும்வரை ஆடினார்கள்.

நாலாம் ஞாயிறு விளக்குக்காரர் குளித்து, இருளப்பன் எடுத்துக்கொடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். மிஷினைப் போட்டதும் ஆள் எடுக்கும் திரை வந்தது. கடைசி வரிசையில் கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. அவர் வந்த பிறகு அந்த மிஷினை யாரும் போட்டிருக்கவில்லை, ஆள் இங்கே நிற்கும்போது அங்கே எப்படி இருப்பார் என்று யாருக்கும் அதுவரை தோன்றவுமில்லை. பிலோமினா சற்று நேரம் பார்த்துவிட்டு முதல் தடவையாக வேறு ஒருவரை, சமையல்காரியை எடுத்தாள். மூன்று ஆட்டம் ஆடினாள். சமையல்காரி கரண்டியை ஓங்கி, அது விழுந்து, கரடி சாய்ந்து, அதற்கப்புறம்தான் 'டங்' என்று சத்தம் வந்தது. ஸ்டிக்கைத் தள்ளி ஒரு மூச்சு விட்டால்தான் ஆள் நகர்ந்தாள். பிலோமினா ஆட்டத்தைப் பாதியில் விட்டு எழுந்தாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் விளக்குக்காரர்.

"பழசுதானே" என்றாள். இருபது வருஷத்தில் அவள் மழுப்பி நாங்கள் கேட்டது அன்றைக்குத்தான். அப்போது எங்களுக்கு அது உறைக்கவில்லை.

ஐந்தாம் பாகத்தில் எல்லோரும் மண் பொம்மை மாதிரி இருந்தார்கள். ஆறாம் பாகத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆறாம் பாகத்தில் மழை பெய்யும் ஒரு மேடை உண்டு. நாங்கள் மழையில் பிறந்து வளர்ந்தவர்கள், பொய் மழை எது மெய் மழை எது என்று எங்களுக்குத் தெரியும், அது மெய் மழை. யாரை எடுத்தாலும் அவருக்கு ஒரு வழி இருந்தது. எந்த அடிக்கும் ஒரு பதில் இருந்தது, தோற்றவன்கூட நன்றாகத் தோற்றோம் என்று எழுந்துபோனான். அன்று சாயங்காலம் கூடத்திலிருந்து வெளியே வந்த யாரும் யாரோடும் பேசவில்லை. ஏழாவதும் எட்டாவதும் கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சமும் நெரிசலுமாகப் போயின, அவற்றை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை.

மாசி கடைசியில், கூடத்தின் பின்னறையில் ஒரு தகரப் பெட்டி வைத்து, ஒவ்வொருவராக உள்ளே போய் எழுதிப் போட்டோம். வெளியே வந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்தோம். முப்பத்தொன்பது பேரும் தட்டினோம். மரியதாஸ் டீ வாங்கிக்கொடுத்தார்.

பங்குனி இரண்டாம் ஞாயிறு, கம்பெனி சார்பில் சென்னையிலிருந்து வினோதினி என்று ஒரு பெண் பெட்டியைத் திறக்க வந்தாள். அவளும் டைம் கீப்பர் ரூம் ஓரமாக வாந்தியெடுத்துவிட்டு, பிலோமினா கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கூடத்துக்கு வந்தாள். உள்ளே கால் வைக்க இடமில்லை. விளக்குக்காரரை முன்வரிசையில் உட்காரச் சொன்னோம், அவர் நாலாவது மிஷின் பக்கத்திலேயே நின்றார்.

"ஒரு விஷயம் சொல்லிடறேங்க" என்றாள் வினோதினி. "மத்த பதினோரு ஊரும் எண்ணியாச்சு. நாலாவதும் ஆறாவதும் சரிசமமா நிக்குது. உங்க ஊர்ப் பெட்டிதான் கடைசி. நீங்க எதைச் சொல்றீங்களோ அதுதான்."

"நாலாவதா?" என்றார் மரியதாஸ். அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

"ஆமாங்க. அடிக்கடி ரிப்பேர் ஆகற மிஷின் அது. பார்த்துப் பார்த்து ரிப்பேர் பண்ணி வச்சிருக்கறவங்களுக்கு அதுமேலதான் பாசம் போல."

அந்த நேரத்திலிருந்து நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தகரக் கூரைமேல் மழை இல்லை. அவள் முதல் தாளை எடுத்து விரித்து விதிப்படி வாய்விட்டு வாசித்தாள். ஆறாவது முதலிடம். நாலாவது கடைசி. இரண்டாவது தாள். ஆறாவது முதலிடம். நாலாவது கடைசி. மூன்றாவது தாளில் மூன்றாம் பாகம் முதலிடம், நாலாவது அதிலும் கடைசி. பெயர் எழுத வேண்டியதில்லை என்றுதான் விதி, ஆனால் சோலைப்பாறையில் காரணத்தை வாசித்தால் ஆள் தெரியாதா. 'கூடத்துக்கு இப்பதான் வெளியூர்லேருந்தும் நாலு ஜனம் வருது, அவர் இருக்கற வரைக்கும் வரும்' என்று ஒரு தாள், அது மரியதாஸ். 'எங்க லயன்ல ஏழு சின்னப்புள்ளைக இருக்கு, அவரு போயிட்டா சிறுத்தை வரும்' என்று ஒரு தாள், அது இருளப்பன். கோயில் கமிட்டிக்காரர் திருவிழாவை எழுதியிருந்தார். டீக்கடைக்காரர் காரணமே எழுதவில்லை. ஒவ்வொருவரும், நாம் ஒருவர் மாற்றிப் போட்டால் என்ன, மற்ற முப்பத்தெட்டுப் பேரும் சத்தியத்தைக் காப்பாற்றுவார்கள், போகிறவர் போகத்தான் போகிறார், மனசில் உள்ளதைத் தாளிலாவது சொல்லிவைப்போம் என்று நினைத்திருக்கிறோம்.

இருபத்தெட்டாவது தாளை எடுத்து, "நாலாவது, முதலிடம்" என்று அவள் வாசித்தபோது கூடம் முழுக்க ஒரு மூச்சு வாங்கியது. விளக்குக்காரர் தலை நிமிர ஆரம்பித்தது. "காரணம்" என்று அவள் தொடர்ந்தாள். "அவர் ஊர் போய்ச் சேரட்டும். தோட்டம் பழையபடி இருக்கட்டும்." கோதண்டம் கதவோரம் நின்று கூரையைப் பார்த்தார். சத்தியத்தைக் காப்பாற்றியவர் அவர் ஒருவர்தான்.

கடைசியாக வந்தது எட்டுப் பக்கம், நீல மையில், அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. பாகத்துக்கு ஒரு பக்கம், முதலிடத்திலிருந்து கடைசி இடம்வரை வரிசையாக. ஆறாம் பாகம் ஏன் முதலிடம் என்பதை வினோதினி வாசித்தபோது, அதைவிட நன்றாக யாரும் சொல்லமுடியாது என்று அந்த நிலைமையிலும் எங்களுக்குத் தோன்றியது. எட்டாவது பக்கத்துக்கு வந்தாள்.

"கடைசி இடம் நாலாம் பாகம். அவசரத்தில் செய்தது. அடி விழுந்த பிறகு சத்தம் வருகிறது. விளக்குக்காரர் ஒருவர் இல்லாவிட்டால் இதை யாரும் தொடமாட்டார்கள். அவரும் பாதியில் விடப்பட்டவர்தான். கை எட்டாது, காலுக்கு வேகம் கிடையாது. இருபது வருஷம் நான் அவரை எடுத்தது அவர் நல்ல ஆள் என்பதால் அல்ல. எல்லோரையும்விடப் பலவீனமான ஆளை வைத்து ஜெயித்தால்தான் ஜெயித்தது நான் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால்."

வாசித்து முடித்த பிறகுதான் வினோதினிக்கு, மிஷின் பக்கத்தில் பக்கவாட்டாக நிற்பவர் யார் என்று புரிந்தது. தாள்களை அடுக்கி ரப்பர் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு, மத்தியான பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வெளியேறினாள்.

நாங்கள் வழி விட்டோம். விளக்குக்காரர் கதவை நோக்கி நடந்தார். இருபதடி தூரம். அத்தனை பேர் இருந்ததால் அவருக்கு அதைக் கடக்க ஒரு யுகம் ஆனது, ஒவ்வொருவரையும் தாண்டும்போதும் அவர் முகத்தை அவ்வளவு நேரமும் நாங்கள் பார்க்கவேண்டியிருந்தது. நாங்கள் வெளியே போய்விட்டால் அவரால் சீக்கிரம் நடக்கமுடியும், ஆனாலும் எங்களில் ஒருவருக்கும் எழுந்து வெளியே போகத் தோன்றவில்லை. பாதி வழியில் இருளப்பன் குறுக்கே வந்தான்.

"அண்ணே, நீங்க போயிடக் கூடாதுன்னுதாண்ணே அப்படிப் போட்டது."

"அத எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே இருளப்பா. இருங்கன்னு ஒரு வார்த்த. முப்பத்தொம்பது பேருல ஒருத்தர் வாயிலயும் வரலையே."

"கேட்டிருந்தா இருந்திருப்பீகளா?"

அவர் வெகுநேரம் யோசித்தார். கூட்டத்தால் நேரமானதா, யோசனையால் நேரமானதா என்று தெரியவில்லை. "தெரியல அப்பு. கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன். ஒருவேள எம் பொஞ்சாதி புள்ளைகளப் பத்தி ஒங்ககிட்ட இன்னுங் கொஞ்சம் பேசியிருப்பேன்."

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு அவர் வந்து நின்றபோது பஸ் ஸ்டாண்டில் அதிகம் பேர் இல்லை. வெட்கம் எங்களை வீட்டுக்குள் வைத்திருந்தது. டீக்கடைக்காரர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார், நடந்ததை அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பிலோமினா டிஸ்பென்சரி கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருக்கிறாள். ஒரு காகிதப் பொட்டலம் நீட்டினாள்.

"மலை இறங்கறப்பவும் கொமட்டும். ரெண்டு மாத்திரை இருக்கு. பஸ் கெளம்பறதுக்கு முன்னாடி ஒண்ணு போட்டுக்குங்க."

அவர் வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். அவள் போகவில்லை.

"நான் எழுதினது பொய்யில்ல."

"பொய்யின்னு நான் சொல்லலையேம்மா. கை எட்டாது, வேகம் கெடையாது, அதெல்லாம் எனக்குத் தெரியாதா? அந்த ஒடம்புக்குள்ள இருந்து அடி வாங்குனவன் நானு."

"மத்தவங்க மாதிரி உங்கள இருக்கவைக்கணும்னு நான் மாத்திப் போடல. எல்லாரும் நாலாவதுக்குப் போடுவாங்க, ஒரு தாளாவது நேர்மையா இருக்கட்டும்னுதான்."

"அதும் சரிதான்" என்றார் அவர். டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தார். விளக்குக்காரர் கம்பைப் படியில் வைத்து ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, அவளைப் பார்த்தார். "நீ நேர்மையான ஆளுன்னு ஊரே சொல்லுது. நாலாவது நல்லால்லன்னா எம் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம், கேட்டுக்கிட்டிருப்பேன். அப்பறம் எதுக்கு வெளக்குமேல கைய வச்சே?"

பஸ் திரும்பி முதல் வளைவில் இறங்கும்வரை பிலோமினா ஏதோ சொல்லப்போகிறவள் போலவே நின்றுகொண்டிருந்தாளாம்.

விளக்குக்காரர் ஆழியாறு அணை தெரியும் இடத்தில் இறங்கியதாக ஒரு கண்டக்டர் சொன்னார். பொள்ளாச்சியில் இறங்கி ராமேஸ்வரம் பஸ் எங்கே நிற்கும் என்று விசாரித்ததாக இன்னொருவர் சொன்னார். சித்திரை முடிவதற்குள் ஏழாம் நம்பர் லயனில் சிறுத்தை ஒரு கன்றுக்குட்டியை இழுத்துப்போனது. இருளப்பன் ஆட்கள் பழையபடி ஐந்து மணிக்கே கதவைச் சாத்தினார்கள். ஆட்களுக்குள் தகராறு வந்தால் கோதண்டத்திடம் போனோம், அவர் சந்தோஷமாகவே தீர்த்துவைத்தார். விளக்குக்காரரைப் பற்றி நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்வதில்லை. பேசினால் யார் என்ன எழுதினார் என்பதில் போய் முடியும்.

அடுத்த ஐப்பசியில், எங்கள் ஊர்ப் பெட்டியால் தீர்மானமானது என்பதற்கு மரியாதையாக, புதிதாகச் செய்த ஆறாம் பாகத்தின் முதல் மிஷினைக் கம்பெனி சோலைப்பாறைக்கே அனுப்பிவைத்தது. மரியதாஸ் மாலை போட்டுச் சாம்பிராணி காட்டினார். எண்பத்தாறு ஆட்கள், பன்னிரண்டு மேடைகள், மழை முன்பைவிட மெய்யாகப் பெய்தது. குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை. காலையிலிருந்து வரிசையில் நின்று ஆடினோம், சிரித்தோம், தோற்றவர்கள் மறுபடி போய் வரிசையில் நின்றார்கள்.

சாயங்காலம் டிஸ்பென்சரி சாத்திவிட்டு பிலோமினா வந்தாள். நாங்கள் விலகி அவளை முன்னால் விட்டோம். ஸ்டிக்கைப் பிடித்தாள். திரையில் எண்பத்தாறு முகங்கள் வரிசை வரிசையாக நின்று அவளைப் பார்த்தன, மூலையில் இருபது வினாடி எண்ண ஆரம்பித்தது. மஞ்சள் கட்டத்தைச் சமையல்காரிமேல் வைத்தாள், எடுத்தாள். கிழவர்மேல் வைத்தாள். கரடிமேல் வைத்தாள். ஒவ்வொரு முகமாக, ஒன்றையும் விடாமல், மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைக்கு நகர்த்திக்கொண்டே போனாள். கடைசி வரிசையின் கடைசிக் கட்டத்தில் நின்றது வேறு யாரோ. "யாராவது ஒருத்தர எடுங்க கம்பவுண்டரம்மா" என்றார் மரியதாஸ். அவள் நகர்த்திக்கொண்டே இருந்தாள். நேரம் தீர்ந்தது. மிஷின் தானாகவே அவளுக்கு யாரோ ஒருவரை எடுத்துக் கொடுத்து, மணியை அடித்தது.